புள்ளிப் படத்தை எவ்வளவு நம்பலாம்?

ஒரு தாளில் மூன்று புள்ளிகளை வையுங்கள். ஒவ்வொன்றும் மற்ற இரண்டிலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். சமபக்க முக்கோணம்தான், எளிதில் வந்துவிடும். சரி, நான்காவதாக ஒரு புள்ளியை மற்ற மூன்றுக்கும் அதே தூரத்தில் வையுங்கள். தாளில் இடமில்லை. தாளுக்கு மேலே தூக்கிப் பிடித்தால்தான் முடியும். ஐந்தாவது புள்ளிக்கு அந்த வெளியிலும் இடமில்லை, நான்காவது பரிமாணம் ஒன்று தேவை. பத்துப் பரிமாணங்கள் கிடைத்தால் பதினோரு புள்ளிகளை இப்படிச் சம தூரத்தில் நிறுத்தலாம். அந்தப் பதினொன்றையும் அதே ஏற்பாட்டோடு மறுபடி தாளில் வைக்க எந்தக் கணினியாலும் முடியாது. சில ஜோடிகள் நெருங்கியே ஆக வேண்டும், சில விலகியே ஆக வேண்டும்.

பல பரிமாணத் தரவைப் படமாக்கும் எல்லாக் கருவிகளும் இந்தச் சிக்கலில்தான் தொடங்குகின்றன. ஆய்வுக் கட்டுரைகளிலும் செயற்கை நுண்ணறிவு பற்றிய விளக்கங்களிலும் வண்ண வண்ணமாகத் தீவுக் கூட்டம்போல வரும் புள்ளிப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒவ்வொன்றும் ஏதோ சில தூரங்களை விட்டுக்கொடுத்து உருவானவை. எந்தத் தூரங்களை விட்டுக்கொடுத்தன என்பதை அந்தப் படமே சொல்லாது. அதனால் நிலைத்து நிற்கும் ஒரு படத்தைவிட, அதைத் தொட்டு, திருப்பி, மூலத் தரவுக்கே திரும்பிப் போய்ப் பார்க்க விடும் கருவிதான் மதிப்புள்ளது என்பது என் உறுதியான எண்ணம்.

பரிமாணம் என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. ஓர் அட்டவணையில் எத்தனை நெடுவரிசைகளோ, அத்தனை பரிமாணங்கள். கையால் எழுதிய இலக்கங்களின் புகழ்பெற்ற தொகுப்பான எம்னிஸ்டில் 70,000 படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 28-க்கு 28 கட்டங்கள், அதாவது 784 எண்கள். ஆகவே ஒவ்வொரு படமும் 784 பரிமாண வெளியில் ஒரு புள்ளி. ஒரு செல்லில் எந்தெந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று அளந்தால் சுமார் 20,000 நெடுவரிசைகள் வரும். மொழி மாதிரிகள் ஒரு சொல்லை நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான எண்களின் வரிசையாக வைத்திருக்கின்றன. நம் கண்ணுக்கோ இரண்டு பரிமாணம்தான் பழக்கம், மிஞ்சிப்போனால் மூன்று.

பரிமாணம் கூடும்போது இடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் நம் உள்ளுணர்வுக்கு எதிரானது. ஒரு சதுரத்துக்குள் விளிம்பைத் தொடும்படி வட்டம் வரைந்தால், சதுரத்தின் 78.5 சதவீதத்தை வட்டம் பிடித்துக்கொள்ளும். கனசதுரத்துக்குள் கோளம் என்றால் 52 சதவீதம். பத்துப் பரிமாணத்தில் அதே கணக்கைப் போட்டால் கால் சதவீதம்கூடத் தேறாது. மற்ற இடமெல்லாம் மூலைகளுக்குப் போய்விடுகிறது. சீராகத் தூவிய புள்ளிகள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதுபோல ஆகிவிடும். பரிமாணம் கூடும்போது வரும் இப்படிப்பட்ட சிக்கல்களுக்குக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் தந்த பெயர்தான் பரிமாணத்தின் சாபம். நல்லவேளையாக, நிஜமான தரவு அப்படிச் சீராகத் தூவப்பட்டதில்லை. 784 கட்டங்களைக் கண்டபடி நிரப்பினால் கிடைப்பவற்றில் கிட்டத்தட்ட எதுவுமே இலக்கமாகத் தெரியாது. இலக்கமாகத் தெரிபவை மிகக் குறுகிய ஒரு பகுதியில் வளைந்து நெளிந்து கிடக்கின்றன. பரிமாணத்தைக் குறைக்கலாம் என்ற நம்பிக்கையே அங்கிருந்துதான் வருகிறது.

இந்த முறைகளில் மூத்தது பிசிஏ, அதாவது முதன்மைக் கூறு பகுப்பாய்வு. 1901-இல் கார்ல் பியர்சன் இதற்கு அடித்தளம் போட்டார். 1933-இல் ஹெரால்டு ஹோட்டலிங் தனியாக இதை வளர்த்தெடுத்தார். புள்ளிக் கூட்டம் எந்தத் திசையில் அதிகம் பரந்து கிடக்கிறதோ, அதை முதல் அச்சாக எடுத்துக்கொள். அதற்குச் செங்குத்தான திசைகளில் எதில் பரவல் அதிகமோ, அது இரண்டாவது அச்சு. அந்த இரண்டின் மீதும் எல்லாப் புள்ளிகளின் நிழலையும் விழவை. முறை அவ்வளவுதான். புள்ளியியலாளர் ஃபிஷர் 1936-இல் பயன்படுத்திய ஐரிஸ் பூத் தரவில் 150 பூக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு அளவுகள். முதல் இரண்டு அச்சுகளே மொத்தப் பரவலில் சுமார் 98 சதவீதத்தைப் பிடித்துவிடுகின்றன. மூன்று இனங்களில் ஒன்று முழுதாகத் தனியே நிற்பதும், மற்ற இரண்டும் ஓரத்தில் உரசிக்கொள்வதும் தெளிவாகத் தெரியும்.

பிசிஏ-வின் பெரிய பலம், அது நேர்மையாகக் கணக்குக் காட்டும் என்பது. எத்தனை சதவீதம் படத்துக்குள் வந்தது, எவ்வளவு வெளியே போனது என்று எண்ணாகவே சொல்லிவிடும். 98 என்றால் தைரியமாகப் பார்க்கலாம். 12 என்றால் 88 சதவீதம் திரைக்குப் பின்னால் இருக்கிறது என்ற நினைவோடு பார்க்க வேண்டும். அளவீட்டு அலகையும் கவனிக்க வேண்டும். ஒரே எடையைக் கிலோகிராமில் எழுதாமல் கிராமில் எழுதினாலே அந்த நெடுவரிசையின் பரவல் பெருத்துப்போய், முதல் அச்சு அதன் பக்கம் சாய்ந்துவிடும். அலகுகள் வேறுபடும் அட்டவணையை முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் பிசிஏ-வில் போடவே கூடாது.

நேர்கோட்டில் நிழல் விழவைக்கும் இந்த எளிய முறைகூட ஏமாற்றும். தரவில் உண்மையில் ஒரே ஒரு வரிசை மட்டும் இருக்கிறது என்று வையுங்கள்: காலம், உயரம், வெப்பநிலை போல ஏதோ ஒன்று. பக்கத்திலிருக்கும் புள்ளிகள் ஒத்திருக்கும், தொலைவில் இருப்பவை எல்லாம் ஒரே அளவுக்கு வேறுபடும். இப்படிப்பட்ட தரவைப் பிசிஏ-வோ அதன் உறவுக்கார முறைகளோ பெரும்பாலும் குதிரை லாடம்போல வளைத்துக் காட்டும். அந்த வளைவைப் பார்த்து இரண்டாவதாக ஒரு காரணி இருக்கிறதென்று தேடிப் புறப்பட்டவர்கள் உண்டு. லாடம் அந்தக் கணக்கு முறையின் விளைவு, தரவில் இரண்டாவது காரணி எதுவும் கிடையாது. 2008-இல் ஐரோப்பியர்கள் 1,387 பேரின் மரபணுத் தரவை வைத்து வெளியான பிசிஏ படம் ஐரோப்பிய வரைபடத்தை அப்படியே ஒத்திருந்தது. ஜான் நோவெம்ப்ரேயும் சகாக்களும் செய்த அந்த ஆய்வு பலரை அசத்தியது. அதே நோவெம்ப்ரே, அதே ஆண்டில், மேத்யூ ஸ்டீபன்ஸுடன் சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினார். இடம் சார்ந்த மரபணுத் தரவில் பிசிஏ காட்டும் அலைபோன்ற வடிவங்கள் பழைய இடப்பெயர்வுகளின் தடயமாக இருக்க வேண்டியதில்லை, கணிதமே அப்படி அலைகளை உருவாக்கும் என்று அதில் எச்சரித்தார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமையாகும்.

அப்புறம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் போக்கு மாறியது. வளைந்து கிடக்கும் தரவை நேர்கோட்டு நிழலால் விரிக்க முடியாது, பக்கத்திலிருப்பவர் யார் யார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு விரிப்போம் என்ற எண்ணத்தோடு ஐசோமேப், எல்எல்இ என்ற இரு முறைகள் ஒரே நேரத்தில் வெளியாயின. 2002-இல் ஜெஃப்ரி ஹிண்டனும் சாம் ரோவைஸும் எஸ்என்இ என்ற முறையைத் தந்தார்கள். 2008-இல் லாரன்ஸ் வான் டெர் மாட்டனும் ஹிண்டனும் அதைத் திருத்தி டி-எஸ்என்இ ஆக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் தீவுக் கூட்டப் படங்களில் பெரும்பகுதி இதன் வழி வந்தவை. ஆகவே அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

ஒவ்வொரு புள்ளியும், தன்னைச் சுற்றியுள்ளவற்றில் யார் எவ்வளவு நெருங்கியவர் என்று ஒரு பட்டியல் போடுகிறது. நெருங்கியவருக்கு அதிக மதிப்பு, தூரத்தவருக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். இது மூல வெளியில், மணி வடிவ வளைவை வைத்துப் போடும் கணக்கு. அதே மாதிரிப் பட்டியலைத் தாளிலும் போட்டு, இரண்டும் ஒத்துப்போகும்வரை தாளில் புள்ளிகளை நகர்த்திக்கொண்டே இருப்பதுதான் முறை. உறவினர்கள் இழுப்பார்கள், மற்றவர்கள் தள்ளுவார்கள். இழுப்பும் தள்ளலும் சமநிலைக்கு வரும்போது படம் நிற்கும்.

இங்கேதான் முதலில் சொன்ன பதினோரு புள்ளிச் சிக்கல் வருகிறது. உயர்ந்த பரிமாணத்தில் ஒரு புள்ளியைச் சுற்றி ஓரளவு தூரத்தில் ஏராளமான புள்ளிகள் வசதியாக இருக்க முடியும். தாளில் அவ்வளவு இடம் இல்லை. எல்லோரையும் சரியான தூரத்தில் வைக்கப் பார்த்தால் நடுவில் நெரிசலாகி, கொத்துகளுக்கு இடையிலான இடைவெளி காணாமல் போய்விடும். பழைய எஸ்என்இ-யின் குறை அதுதான். டி-எஸ்என்இ தாளில் மணி வளைவுக்குப் பதிலாக ஸ்டூடன்ட் டி பரவல் என்ற வேறொரு வளைவைப் பயன்படுத்துகிறது. பெயரிலுள்ள டி அதைத்தான் குறிக்கிறது. அதன் வால், அதாவது ஓரப்பகுதி, தடித்து நீண்டது. அதனால் மூல வெளியில் ஓரளவு தள்ளி இருப்பவர்களைத் தாளில் வெகுதூரம் தள்ளி வைக்க அது அனுமதிக்கிறது. நெரிசல் தீர்ந்தது, தீவுகள் பிரிந்தன, படம் அழகானது. அதே திருத்தத்தால் தீவுகளுக்கு இடையிலான தூரம் பொருளிழந்தும் போனது. இரண்டு தீவுகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அவை உறவு என்றோ, மூன்றாவது தீவு ஓரத்தில் கிடப்பதால் அது அந்நியம் என்றோ இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. தீவின் பரப்பளவும் அப்படித்தான். ஒவ்வொரு புள்ளியும் தன் அக்கம்பக்க நெருக்கத்துக்கு ஏற்ப அளவுகோலை மாற்றிக்கொள்வதால், மூலத்தில் நெருக்கமாகக் கிடந்த கூட்டம் விரிந்தும் பரந்து கிடந்த கூட்டம் சுருங்கியும் தெரியும்.

பெர்ப்ளெக்சிட்டி என்று ஒரு திருகு இதில் உண்டு. ஒரு புள்ளி சுமார் எத்தனை பேரைத் தன் அக்கம்பக்கமாக எண்ண வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. மூலக் கட்டுரை 5 முதல் 50 வரை பரிந்துரைக்கிறது. 2016-இல் மார்ட்டின் வாட்டன்பர்க், ஃபெர்னாண்டா வியேகாஸ், இயன் ஜான்சன் மூவரும் இந்தத் திருகை வாசகரே திருகிப் பார்க்கும்படி ஒரு விளக்கம் வெளியிட்டார்கள். 100 பரிமாணத்தில் எந்த அமைப்பும் இல்லாமல் தற்செயலாகத் தூவிய 500 புள்ளிகளை எடுத்து, பெர்ப்ளெக்சிட்டியை 2 என்று வைத்தால், திட்டவட்டமான கொத்துகள் தெரிகின்றன! இல்லாததை உண்டாக்கிக் காட்டும் ஒரு படத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, ஒரே ஒரு அமைப்பில் ஓட்டிய படத்தை யாரும் ஆதாரமாக நீட்ட மாட்டார்கள். இந்தத் துறைக்குள் வருபவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது அதைத்தான்.

டி-எஸ்என்இ-க்கு வேகமும் ஒரு பிரச்சினையாக இருந்தது. ஒவ்வொரு ஜோடியையும் பார்க்க வேண்டுமென்றால் 70,000 புள்ளிகளுக்கு ஏறத்தாழ 245 கோடி ஜோடிகள். 2014-இல் வான் டெர் மாட்டன் வானியலிலிருந்து ஒரு உத்தியைக் கடன் வாங்கினார். நட்சத்திரங்களின் ஈர்ப்பைக் கணக்கிடும்போது, வெகுதூரத்தில் உள்ள கூட்டத்தை ஒரே உடலாக எண்ணிக்கொள்ளும் பார்ன்ஸ்–ஹட் முறை அது. இந்த எளிமையாக்கம் வந்த பிறகுதான் பெரிய தரவுகளுக்கு இது நடைமுறைக்கு வந்தது.

2018-இல் லீலண்ட் மெக்கின்னஸ், ஜான் ஹீலி, ஜேம்ஸ் மெல்வில் மூவரும் யூமேப்பை வெளியிட்டார்கள். அடித்தளத்தில் இடவியல் கணிதம் இருந்தாலும், செயலில் அது அண்டைப் புள்ளிகளை இழைகளால் கட்டி வலையாக்கி, அந்த வலையைத் தாளில் விரிக்கிறது. வேகமானது. டி-எஸ்என்இ-யைவிட மொத்த அமைப்பையும் நன்றாகக் காக்கும் என்ற பெயரும் வந்தது. அந்தப் பெயரில் பெரும்பகுதி தொடக்க அமைப்பால், அதாவது புள்ளிகளை முதலில் எங்கே வைத்து ஆரம்பிக்கிறோம் என்பதால், கிடைத்தது. யூமேப் வலையின் அமைப்பிலிருந்து எடுத்த ஒரு ஏற்பாட்டில் தொடங்கியது, டி-எஸ்என்இ அப்போதெல்லாம் தற்செயலாகத் தூவிய புள்ளிகளில் தொடங்கியது. டிமித்ரி கோபக்கும் ஜார்ஜ் லிண்டர்மனும் 2021-இல் இரண்டுக்கும் ஒரே மாதிரித் தொடக்கம் கொடுத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் பெரிதாக மிஞ்சவில்லை. டி-எஸ்என்இ-யைப் பிசிஏ நிலையிலிருந்து தொடங்குவதே நல்லது. பைத்தானின் சைக்கிட்-லேர்ன் நூலகத்திலும் இப்போது அதுதான் இயல்பு நிலை.

இந்தப் படங்கள் ஆய்வகத்துக்குள்ளேயே இருந்துவிட்டால் பரவாயில்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆல் ஆஃப் அஸ் என்ற மருத்துவ ஆய்வுத் திட்டம் சுமார் 2,45,000 பேரின் மரபணுத் தொகுதிகளைப் பற்றி நேச்சர் இதழில் கட்டுரை வெளியிட்டது. அதில் யூமேப் படம் ஒன்று, மக்கள் தாங்களே சொன்ன இன அடையாளங்களை வண்ணமாகப் பூசி வந்திருந்தது. மரபியலாளர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். மனித மரபணு வேறுபாடு படிப்படியாக மாறுவது, கலந்தது. யூமேப் அதைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்துக் காட்டும் இயல்புடையது. இனங்கள் இயற்கையிலேயே தனித்தனி என்று நம்ப விரும்புகிறவர் கையில் அந்தப் படம் போனால் என்ன ஆகும்? எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். கணக்கில் பிழையில்லை. தொடர்ச்சியாக இருக்கும் ஒன்றைக் காட்ட, தொடர்ச்சியை அறுக்கும் முறையைத் தேர்ந்ததுதான் பிழை.

இனி கருவிகள். இந்த விஷயத்தில் பழையவர்கள் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்று தோன்றுகிறது. 1970-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு நேரியல் முடுக்கி மையத்தில் ஜான் டூக்கி, ஜெரோம் ஃப்ரீட்மன், மேரி ஆன் ஃபிஷர்கெல்லர் மூவரும் ப்ரிம்-9 (PRIM-9) என்ற ஏற்பாட்டை உருவாக்கினார்கள். ஒன்பது பரிமாணம் வரையிலான தரவைத் திரையில் காட்டி, சுழற்றி, ஒரு பகுதியைத் தனியே பிரித்து, வேண்டாததை மறைத்துப் பார்க்கலாம். பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளும் இந்த நான்கு செயல்களைத்தான் குறிக்கின்றன. படம் என்பது முடிவான விடை என்று அவர்கள் நினைக்கவே இல்லை, கையால் கையாளும் பொருளாகத்தான் வைத்தார்கள். 1985-இல் டேனியல் ஆஸிமோவ் அதை ஒரு படி மேலே கொண்டுபோனார். எல்லாக் கோணங்களின் வழியாகவும் மெல்ல மெல்ல நகர்ந்து, தரவின் நிழல்களைத் திரைப்படம்போலக் காட்டும் அந்த முறைக்குப் பெருஞ்சுற்று என்று பெயர் வைத்தார். ஒரு கோணத்தில் ஒட்டியிருந்த இரண்டு கூட்டங்கள் அடுத்த நொடியில் பிரியும்போது, எது உண்மையான ஒட்டல், எது நிழல் மேல் விழுந்த நிழல் என்பது கண்ணுக்கே புரியும். டெபோரா ஸ்வேன், டயான் குக் போன்றோர் உருவாக்கிய எக்ஸ்கோபி, ஜிகோபி மென்பொருள்கள் இந்த மரபைத் தொடர்ந்தன. டி-எஸ்என்இ தீவுகள் வந்த பிறகு பெருஞ்சுற்றைப் பலர் மறந்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

2016 டிசம்பரில் கூகுள் வெளியிட்ட எம்பெடிங் ப்ரொஜெக்டர் என்ற கருவி உலாவியிலேயே ஓடுகிறது. பிசிஏ, டி-எஸ்என்இ ஆகியவற்றோடு, பின்னர் யூமேப்பும் அதில் சேர்ந்தது. டி-எஸ்என்இ-யை ஓடவிட்டால் புள்ளிகள் நகர்ந்து கூடுவதை நேரிலேயே பார்க்கலாம். ஆனால் அதில் நான் மிகவும் மதிக்கும் வசதி வலப்பக்கத்தில் வரும் ஒரு சாதாரணப் பட்டியல். ஒரு சொல்லைச் சொடுக்கினால் அதன் நெருங்கிய அண்டைச் சொற்களைத் தூரத்தோடு காட்டும். அந்தத் தூரம் மூலப் பரிமாணத்தில், கருவியோடு வரும் உதாரணச் சொல் தொகுப்பு என்றால் 200 பரிமாணத்தில், அளந்த தூரம். திரையில் அதே அண்டைகள் ஒளிரும்போது சில பக்கத்திலேயே இருக்கும், சில திரையின் மறுகோடியில் இருக்கும். படம் எங்கே கிழிந்திருக்கிறது என்பதை ஒரே சொடுக்கில் காட்டிவிடும் இந்த வசதி இல்லாத கருவியை நான் முழுதாக நம்புவதில்லை.

இதையே எண்ணாகவும் அளக்கலாம். தாளில் அண்டையாகத் தெரிபவர்களில் எத்தனை பேர் உண்மையிலும் அண்டை என்பதை நம்பகத்தன்மை என்ற அளவு சொல்லும். யார்க்கோ வென்னாவும் சாமுவேல் காஸ்கியும் முன்வைத்தது, சைக்கிட்-லேர்னிலும் இருக்கிறது. உண்மையான அண்டைகளில் எத்தனை பேரைத் தாள் பிரித்துவிட்டது என்பது அதன் மறுபக்கம். இரண்டையும் மொத்தச் சராசரியாகப் பார்ப்பதைவிட, புள்ளிக்குப் புள்ளி கணக்கிட்டு வண்ணமாகப் பூசிப் பாருங்கள். படத்தில் எந்தப் பகுதி உறுதி, எந்தப் பகுதி ஊகம் என்பது கண்முன்னே வந்துவிடும்.

வண்ணம் பூசுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். ஆய்வுக்கு வேண்டிய பிரிவுகளை மட்டும் பூசினால் போதாது. தரவு எந்த நாளில் சேர்ந்தது, எந்தக் கருவியில் அளந்தது, எத்தனை மதிப்புகள் விடுபட்டன என்பதையும் பூசிப் பார்க்க வேண்டும். புதிய கண்டுபிடிப்பாகத் தெரிந்த தீவு, இரண்டாம் நாள் அளந்த மாதிரிகளின் கூட்டமாக இருந்துவிடலாம். புள்ளிகளைத் திரையில் வரையும் வரிசையையும் கலைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசியாக வரைந்த பிரிவு மற்றவற்றை மூடிவிட்டு, அதுதான் பெரும்பான்மை என்பதுபோலத் தோன்றும்.

எம்னிஸ்டை இந்தக் கருவிகளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிசிஏ-வில் பத்து இலக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும், 0-வும் 1-ம் மட்டும் எதிரெதிர்ப் பக்கம் ஒதுங்கும். டி-எஸ்என்இ-யில் பத்துத் தீவுகள் பிரிந்துவிடும். தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் விதை எண்ணை மாற்றி, பெர்ப்ளெக்சிட்டியை மாற்றி, நாலைந்து முறை ஓட்டுங்கள். தீவுகள் இடம் மாறும், உருவம் மாறும். ஆனால் 4-ம் 9-ம் மட்டும் திரும்பத் திரும்ப ஒட்டியே நிற்கும். அந்த ஒட்டும் ஓரத்திலுள்ள புள்ளிகளைச் சொடுக்கி, மூலப் படங்களைத் திறந்து பாருங்கள். மேல்பக்கம் மூடியும் மூடாமலும் எழுதிய 4-களும், தலை சற்றுத் திறந்துபோன 9-களும் வரிசையாக வரும். அவற்றில் சிலவற்றை எந்த இலக்கம் என்று உங்களாலும் சொல்ல முடியாது.